ஓர் ஆளுக்கு இருபத்தைந்து லிட்டர்

போன வருஷம் டிசம்பரில் என் மகள் ஒரே ஒரு ராத்திரிதான் என் வீட்டில் தங்கினாள். பெங்களூரிலிருந்து வருகிறவள் ஒரு வாரமாவது இருப்பாள் என்று நம்பி, மெத்தை உறையெல்லாம் மாற்றி வைத்திருந்தேன். மறுநாள் காலை பேத்தி தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றபோது ஷவரில் பச்சைத் தண்ணீர் கொட்டிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை, கத்தித் தீர்த்துவிட்டது. பதினோரு மணிக்கெல்லாம் மகள் பெட்டியை மூடிவிட்டாள்.

"பாப்பாவுக்கு ஏற்கெனவே சளிப்பா. அங்க எந்நேரமும் வெந்நீர் வரும். அங்க இருந்துக்கிட்டு அப்பப்ப வந்து உங்களைப் பாத்துட்டுப் போறேன்" என்றாள். அங்கே என்றால் பள்ளிக்கரணையில் அவள் மாமியார் வீடு. என் வீடு இருக்கும் கிழக்குத் தாம்பரத்திலிருந்து அது ஒன்றும் சீமைக்குப் போகிற தூரமில்லை. அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு தரம்தான் வந்தாள், அதுவும் செருப்பைக் கழற்றின கையோடு கிளம்பிவிட்டாள்.

என் மனைவி இருந்தவரை வெந்நீர் ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. இத்தனைக்கும் அப்போதும் இதே மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர்தான். மகள் குடும்பம் வந்தால் அவள் விடிந்ததும் அடுப்பில் இரண்டு பெரிய பாத்திரத்தை ஏற்றிவிடுவாள். நான் பேப்பர் படித்து முடிப்பதற்குள் எல்லோரும் குளித்திருப்பார்கள். அதை ஒரு வேலை என்றுகூட நான் நினைத்ததில்லை. அவள் போன பிறகு அடுப்பில் பாத்திரம் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஆக, குற்றவாளி ஹீட்டர்தான் என்று தீர்மானித்தேன். முப்பது வருஷம் ஒரு பம்பு கம்பெனியில் குப்பை கொட்டியவன் நான். தண்ணீர் விஷயத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டு ஒருத்தி பள்ளிக்கரணைக்குப் போவதா என்று ரோஷம் வந்தது. உண்மையைச் சொல்வதென்றால் சந்தோஷமாகவும் இருந்தது. காலையில் எழுந்தால் யோசிக்க ஒரு விஷயம் கிடைத்ததே! அதற்கு முன்பெல்லாம் எழுந்ததும் இன்றைக்கு என்ன கிழமை என்பதைத் தவிர யோசிக்க எனக்கு ஒன்றும் இருந்ததில்லை.

கேம்ப் ரோட்டில் உள்ள கடைகளில் ஒன்றை விடாமல் ஏறி இறங்கினேன். இன்ஸ்டன்ட்டில் தண்ணீர் ஓட ஓடச் சூடாகும், பக்கெட் வைத்துக் குளிப்பவனுக்கு அது தாராளம், ஆனால் ஷவரை முழுசாகத் திறந்தால் அதனால் ஈடுகொடுக்க முடியாது என்று ஒரு கடைக்காரர் சொன்னார். டேங்க் வைத்ததில் தண்ணீர் முன்கூட்டியே சூடாகி நிற்கும். இரண்டு மூன்று பேர் வரிசையாகக் குளிக்கலாம், அரை மணி முன்னால் சுவிட்சைப் போடவேண்டும், நம் ஊர் போர் தண்ணீர் உப்பு என்பதால் உள்ளே இருக்கும் ராடு பொருக்குக் கட்டிவிடும். கேஸில் ஓடுவதும் ஒன்று உண்டு. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது ஆளையே கொன்றுவிடும் என்று எனக்கே தெரியும். என் குளியலறை ஜன்னல் வழியாக ஒரு கை நுழைந்தால் அதிகம்.

எல்லாம் சொல்லிவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். கொஞ்சமும் கூசாமல் நாலு பேர் என்றேன். அப்படியானால் இருபத்தைந்து லிட்டர் வேண்டும் என்றார். எனக்கு வேண்டிய பதிலும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் மகளிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். எதற்கு இப்படி மெனக்கெடுகிறீர்கள், ஒருத்தருக்கு இருக்கிறதே போதுமே என்றாள். அப்பாவுக்கு வீண் அலைச்சல் என்று வருத்தப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். என் மரமண்டைக்கு அவ்வளவுதான் எட்டியது. கல்யாணமான நாளிலிருந்து "அம்மா வீட்டுக்கு வரேன்" என்றுதான் சொல்லுவாள். நான் கட்டிய வீடு, ஆனால் எந்தப் பெண்தான் அப்பா வீடு என்று சொல்லுகிறாள்? அவளே இப்போதெல்லாம் "தாம்பரத்துக்கு வரேன்" என்கிறாள். ஏதோ ஆபீஸ் வேலையாக வருகிறவள் மாதிரி. அது காதில் விழுந்தும் நான் யோசிக்கவில்லை.

ஹீட்டரை மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் டேங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஹாலில் ஒரே ஒரு நாற்காலி டிவியைப் பார்த்துக் கிடந்ததையும் கவனித்திருக்க வேண்டும்.

"வூட்ல நீங்கோ மட்டும்தானே சார் கீறீங்கோ? இம்மாம் பெரிய டேங்கு இன்னாத்துக்கு சார்?" என்றார்.

சுருக்கென்றது. உன் வேலையைப் பாருய்யா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த மனுஷன் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. அப்புறம் காபி போட்டுக் கொடுத்தேன்.

அவர் போனதும் சோதித்துப் பார்த்தேன். ஷவரைத் திறந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை மட்டும் தண்ணீருக்குள் நீட்டி நின்றேன். முதலில் மகள். கொஞ்சம் இடைவெளி விட்டு பேத்தி. அப்புறம் மாப்பிள்ளை. மனதுக்குள் ஆளை மாற்றி மாற்றிக் குளிக்கவிட்டேன். மாப்பிள்ளைக்கும் வெதுவெதுப்பாக வந்தது. எழுபது வயதில் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனமா என்று சிரிப்பும் வந்தது, உடனே அழுகையும் வந்தது.

இந்த டிசம்பரில் வருகிறேன் என்று சொன்ன நாளன்று காலை ஆறு மணிக்கே சுவிட்சைப் போட்டுவிட்டேன். கார் வந்தபோது மணி பதினொன்றரை. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்காமலே கும்பிட்டார், சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றார். நான் காரின் டிக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறக்கவில்லை. மகள் கையில் ஒரு ஹேண்ட்பேக் மட்டும் இருந்தது.

அப்போதும் எனக்கு விட மனமில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போய், சிவப்பு விளக்கைக் காட்டி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஷவரில் ஆடலாம் என்றேன்.

"குளிச்சிட்டுத்தான் வந்தோம் தாத்தா" என்று சொல்லிவிட்டு அவள் டிவி பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மகளிடம் போய், வெந்நீர்தான் பிரச்சினை என்றாயே, இப்போது என்ன வந்தது, இந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால் குறைந்தா போய்விடுவாய் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவள் குழாயை மூடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வெந்நீர்னு சும்மா சொன்னேன்பா. அன்னிக்கு ராத்திரி அம்மா கட்டில்ல படுத்தேன். பொட்டுத் தூக்கம் வரல. பொழுது போன அப்புறம் அம்மா இல்லாம இந்த வீட்ல இருக்க முடியலப்பா. இத உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேடைமேல் வைத்தேன்.

"எனக்கும் முடியலம்மா" என்றேன்.

அவள் அம்மா போன இந்த இரண்டு வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தது. நீங்களும் எங்களோடு வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தாள். சம்பந்தி வீட்டில் போய் நான் என்னவென்று படுப்பேன்? இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி, பேத்திக்கு ஒரு முத்தம் கொடுத்து அனுப்பிவைத்தேன். மகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்காவது போவதற்கு இன்னொரு வீடு இருக்கிறது.