சில்லென்றிருந்த கை

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். எதையும் சோதித்து நோட்டில் குறிப்பது வழக்கம். சிராங்கூன் ரோட்டு மாடியறையில், அடைமழை பெய்த ஓர் இரவு, இரண்டு மாத மகளின் கையை மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சில்லென்றிருந்தது. குறித்துக்கொண்டு, ஒவ்வொரு துணியாகப் போர்த்தினேன். கம்பளித் தொப்பியும் மாட்டினேன்.

விடியலில் அவள் பாலுக்கு விழிக்கவில்லை. தூக்கிய என் கணவர் பதறினார்.

“கையையே எழுதி வச்சிருக்கியே, முதுகைப் பாரு! தொப்பலா நனைஞ்சிருக்கு, உடம்பு கொதிக்குது!”

துணிகளை உருவிச் சன்னலைத் திறந்தோம். சற்று நேரத்தில் வீறிட்டு அழுதாள். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சின்னக் குழந்தையின் கை சில்லென்றிருப்பது இயல்பு என்று கிளினிக் தாதி பிறகு சொன்னார். இப்போதெல்லாம் பிடரியில் கை வைத்துப் பார்த்த பின்பே போர்த்தப் போர்வையைக் கையில் எடுக்கிறேன். வேர்த்திருந்தால் ஒரு துணி குறையும்.