கால் பார்த்துப் பாட்டுப் போட்டவன்

வல்லத்திராக்கோட்டை சின்னத்துரை இறந்துவிட்டான் என்ற செய்தி போனில் வந்தபோது, நான் இலுப்பூரில் ஒரு கல்யாண மேடைக்குச் செவ்வந்தி கோத்துக்கொண்டிருந்தேன். பேசியவர் மண்டபத்துக் காவலாளி. “அக்கா, டிஜே சின்னா அண்ணன் காலையில போயிட்டாருக்கா. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லி, வண்டி ஏறுறதுக்குள்ள...” நான் கேட்ட முதல் கேள்வி, “அப்ப சாயங்காலம் பாட்டு யாரு?” என்பது. வாய் வேலைக்குப் பழகியது, கேட்டுவிட்டது. புத்தி பின்னால்தான் வந்து சேர்ந்தது. பூக்கூடையைத் தள்ளிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவனை ‘அவன்’ என்றே எழுதுகிறேன். என்னைவிட இளையவன்; மரியாதை போட்டு எழுதினால் வேறு யாரோ போலிருக்கிறது. புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் கல்யாண வேலை பார்க்கும் சமையல்காரர்கள், போட்டோ எடுப்பவர்கள், நாதஸ்வரக்காரர்கள், என்னைப் போல மேடை அலங்காரம் செய்பவர்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். வருஷம் முழுக்க ஊரார் வீட்டு விசேஷத்திலேயே சந்தித்துக்கொண்டவர்கள் நாங்கள். அவன் வீட்டு வாசலில் அன்று எல்லோரும் கூடியபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

தொழில்காரப் பையன்கள் இரண்டு பேர், அண்ணனைப் பாட்டோடு அனுப்ப வேண்டும் என்று ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கினார்கள். அவன் மனைவி மல்லிகா எழுந்து வந்து பெட்டி மேல் கையை வைத்தாள். “வேணாம்ப்பா. இனிமே இந்த வீட்டுல பாட்டு வேணாம். ஆவணியில பவித்ரா கல்யாணம் வருது, அதுலயும் வேணாம். நான் கடைசியில ஒரு ஓரமா உக்காந்து பாத்துக்கிறேன்” என்றாள். பவித்ரா அவர்களுடைய ஒரே மகள். நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் அடித்துவிட்டிருந்தார்கள். குறித்த கல்யாணத்தைத் தள்ளக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பாட்டில்லாமல் சின்னா மகளின் கல்யாணம். எனக்கு அன்றைக்குச் சாவைவிட அந்தப் பேச்சுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

எங்கள் பழக்கம் சண்டையில் தொடங்கியது. மணமேல்குடியில் ஒரு ரிசப்ஷன். அவன் பெட்டி அதிர்ந்த அதிர்வில் நான் பாடுபட்டுக் கட்டிய பூ வளைவு ஒரு பக்கம் அவிழ்ந்து, பொலபொலவென்று மாப்பிள்ளை பெண் தலையில் கொட்டிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கூட்டமோ அதை ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டியது. சின்னா ஒரு கணம்கூடத் தயங்காமல் மைக்கை எடுத்து, “பூமாரி பொழிஞ்சது நம்ம கலாவதி அக்கா!” என்று அறிவித்தான். இறங்கிப் போய் நன்றாகத் திட்டினேன். “கும்புடப் போன தெய்வம் குறுக்க வந்துருக்கு, வையிறீங்களேக்கா” என்று சிரித்தான். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் பூமாரி வேண்டும் என்றே கேட்டார்கள். அவன் பெட்டிக்கு எதிராக இறுக்கிக் கட்டுவதற்கு ஒரு முடிச்சு, அவிழ வேண்டிய இடத்துக்கு ஒரு முடிச்சு என்று நான் பழகிக்கொண்டேன்.

விருந்தாளிகளுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று அவன் யாரையும் கேட்டதில்லை. “மாப்பிள்ளைத் தோழனுக கேக்குற பாட்டு அவனுகளுக்கு மட்டும்தான். பொண்ணோட அப்பா கேக்குற பாட்டு யாருக்குமே இல்ல, அது கௌரவத்துக்கு” என்பான். வந்தவர்களின் கால்களைத்தான் பார்ப்பான். மேடைக்கு ஓரமாகத் தன் மேசையைத் தாழ்வாகப் போட்டுக்கொள்வதே அதற்காகத்தான். நாற்காலிகளுக்குக் கீழே வரிசையாகத் தெரியும் செருப்புகளும் கொலுசுகளும் வெடித்த குதிகால்களும் அவனுக்குப் போதும். “இது என்ன காட்டுக் கூச்சல்” என்று முகத்தைச் சுளிக்கும் பெரியவரின் பெருவிரல் தாளம் போடுவதை எனக்குக் காட்டியிருக்கிறான். “மொகம் சபைக்காக இருக்கும்க்கா. காலுக்குச் சபை தெரியாது.”

பந்தியில் மட்டும் அவன் யார் பேச்சையும் கேட்க மாட்டான். வேகமான பாட்டுப் போட்டால் சாப்பிடுகிறவர்கள் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள், அடுத்த பந்தி சீக்கிரம் உட்காரும். சமையல் ஒப்பந்தக்காரர்கள் அவனிடம் வந்து கெஞ்சுவார்கள். “எலைக்கு முன்னாடி உக்காந்தவன வெரட்டச் சொல்றீங்களா? நம்மளால ஆகாதுங்க” என்று மெதுவான பழைய மெட்டுகளையே போடுவான். பாயசத்தை இலையில் விட்டு நிதானமாக வழித்துச் சாப்பிடுவார்கள். பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் அவனைத்தான் வைவார்கள்.

அவன் கணக்கு ஒரே ஒரு முறை தப்பியதை நான் பார்த்தேன். திருமயம் பக்கம் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் சென்னையில் குடியேறியவர்கள். தாயில்லாத மாப்பிள்ளையை வளர்த்தது அவனுடைய விதவை அத்தை. மங்கலக் காரியம் என்று அந்த அம்மாளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பம்பையும் உடுக்கையும் சேர்ந்த ஒரு பாட்டைச் சின்னா போட்டான். கடைசி வரிசையில் அந்த அம்மாளின் கால்கள் தட்டுவதைப் பார்த்துவிட்டு, அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அந்த அடியையே நீட்டி, சத்தத்தையும் கூட்டினான். அந்த அம்மாள் தலைமுடி அவிழ எழுந்தார். சாமி வந்துவிட்டது.

சென்னைக்காரர்கள் செல்போனைத் தூக்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா, “பாட்ட நிறுத்துடா!” என்று கத்தினார். சின்னா நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டிருக்கும் உடுக்கையைப் பட்டென்று நிறுத்தினால் ஆடுகிறவர் அப்படியே விழுந்துவிடுவார் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மைக்கில், “போன கீழ வையுங்க, சாமி வந்துருக்கு” என்று மட்டும் சொன்னான். கோயில் பூசாரி இறக்குவது போல அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். அது அடங்கி வந்த நேரத்தில் அத்தையின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது: “எனக்குக் கடைசி வரிசையாடா?”

மாப்பிள்ளை மாலையோடு ஓடி வந்து காலில் விழுந்தான். அவருக்குத் திருநீறு பூசி, கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டான். சாமி கேட்டதற்கு யார் மறுத்துப் பேசுவார்கள்?

பெட்டிகளைச் சின்னா வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். “காலு பொய் சொல்லாதுன்னு சொல்லுவியே?” என்று சீண்டினேன். “பொய் சொல்லலக்கா. அது தாளம் இல்ல, நடுக்கம். நாந்தான் கிட்டப் போயிக் கேட்டுருக்கணும்” என்றான். அதன் பிறகு, கால் தட்டுகிற வயசாளி யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் அவன் மேசையை விட்டு எழுந்து போய்விடுவான். “அப்பத்தா, தண்ணி வேணுமா?” என்று குனிந்து கேட்டுவிட்டு வந்துதான் அடுத்த பாட்டு.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். மல்லிகா சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். தெருவில் ஐஸ் வண்டி ஒன்று பாட்டோடு நின்றது. எனக்குப் பழக்கதோஷம், கீழே பார்த்தேன். அவள் வலது கால் அசைந்துகொண்டிருந்தது. சின்னா, உன் பெண்டாட்டி தாளம் போடுகிறாள் என்று மனசுக்குள் குதித்தேன். உடனே அந்த அத்தை நினைவுக்கு வந்தார். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மல்லிகா, காலு ஆடுதே. பாட்டுக்கா, ஒடம்புக்கு முடியலையா?”

குனிந்து பார்த்தாள். கால் நின்றுவிட்டது. “எனக்கே தெரியலக்கா” என்று என் தோளில் சாய்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. “வீட்டுல சாப்புடுறப்பவும் அந்தப் பந்திப் பாட்டத்தான் போடுவாக. அது இல்லாம எனக்குச் சோறு எறங்கல” என்றாள்.

“பவித்ரா கல்யாணத்துப் பந்தியில போடுவமா?”

சரி என்று தலையாட்டினாள். அப்புறம் அவளாகவே, “தாலி கட்டி முடிச்ச ஒடனே ஒரே ஒரு பாட்டு, அவுக போடுற மாதிரி அதிரப் போடச் சொல்லுங்க. ஆனா நான் மேடைக்கு வரமாட்டேன்க்கா. ஊரு ஒரு மாதிரி பேசும்” என்றாள்.

எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பவித்ரா சொன்னாள்: “அம்மா, ஒனக்குக் கடைசி வரிசைன்னா எனக்குத் தாலியே வேணாம்.” அந்த அத்தை கதையை அப்பன் வீட்டில் சொல்லாமலா இருந்திருப்பான்?

சின்னாவிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தப் பழக்கம்தான்: காலைப் பார்ப்பது, பார்த்ததும் பக்கத்தில் போய்க் கேட்பது. ஆவணியில் மேடை என்னுடையது. பெட்டிகள் அவனுடையவை. வளைவின் இடது பக்கத்துப் பூவை மட்டும் நான் இறுக்கிக் கட்டப் போவதில்லை. மல்லிகாவின் நாற்காலியை மேடையில் அதற்கு நேர் கீழே போடுகிறேன்.