பிள்ளைகளுக்காக நடந்தவள்

கேட்டக்கா ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்த கதையைக் கேட்டால் உங்களுக்கு இனிமேல் இளைக்கவே பிடிக்காது. அவ்வளவு அசிங்கமான கதை.

விளையாட்டு மையத்தின் வாசலில் இருப்பவள் அவள். உள்ளே நீச்சல் குளம், பூப்பந்துக் கூடம், ஓடுதளம் எல்லாம் உண்டு. வாசலில் மூன்று இரும்புக் கை நீட்டிக்கொண்டு சுற்றுகிற ஒரு கேட். அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும். கம்பியை இடுப்பால் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் மேலே சின்னத் திரையில் ஓர் எண் ஏறும். பன்னிரண்டு வருடமாக அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததில், பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து கேட்டக்கா என்பதே பெயராகிவிட்டது. ஆள் கொஞ்சம் கனம். நாற்காலி மட்டும் இதுவரை நாலு மாறியிருக்கிறது.

ஒரே மகள், ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சரியான தண்ணீர்ப் பைத்தியம். குளிக்கப் போனால் வாளிக்குள் முகத்தை விட்டு மூச்சை அடக்குவாள், விரலால் வாளியைத் தட்டித் தட்டி எண்ணுவாள். அறுபது வரைக்கும் வந்துவிட்டாள். அம்மா நீச்சல் குளத்து வாசலில் காவல் இருக்கிறாள், மகள் வாளியில் நீந்துகிறாள், எப்படியிருக்கிறது நியாயம்? ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று அங்கே சலுகை எதுவும் கிடையாது. உள்ளே போகிற கட்டணமோ, பஸ் ஓட்டுகிற கணவனின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது.

அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பாஸ் என்று அறிவிப்பு வந்ததும் அந்த வீட்டில் அப்படியொரு கூத்து நடந்தது. பிள்ளைகள் உட்கார்ந்தே கெட்டுப்போகிறார்கள், ஓட வேண்டும், ஆட வேண்டும், நீந்த வேண்டும் என்று சுவரெல்லாம் போஸ்டர். ஆளுக்கு ஓர் அட்டை, வருடத்துக்கு முப்பது முறை உள்ளே போகலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நேரத்தைப் பார்த்தால்தான் வயிறு எரியும்: வேலை நாட்களில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? பள்ளிக்கூடத்தில். இது தெரியப் பெரிய படிப்பா படிக்க வேண்டும்? சாயங்கால நேரம் முழுக்கக் காசு கட்டி வருகிறவர்களுக்கு.

முதல் வாரம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்கும்? பிள்ளைகள் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவார்களாம். அதனால் ஐந்து பள்ளிக்கூடத்து ஆயிரம் அட்டைகளும் நேராக மேனேஜரின் அலமாரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. இரண்டாவது வாரம் மேனேஜர் ரப்பர் பேண்டு போட்ட ஓர் அட்டைக்கட்டை எடுத்துவந்து கேட்டக்காவின் மடியில் வைத்தார்.

"ஒரு நாளைக்கு இருநூறு பேர் வந்ததா மேல காட்டணும். இல்லேன்னா திட்டத்தையே தூக்கிடுவாங்க."

"பசங்க யாரும் வரலையே சார்."

"பசங்க வந்தாங்களான்னு யாரு பாக்கப் போறா? கேட் சுத்துச்சான்னுதான் பாப்பாங்க. சுத்திவிடு."

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையால் சுற்றிப் பார்த்தாள். சுற்றவில்லை. ஓர் உடம்பு கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால்தான் எண் ஏறும். அந்த மட்டும் அந்தக் கேட் மேனேஜரைவிட யோக்கியம்.

"என்ன யோசிக்கிற? உள்ள போ, பக்கத்துச் சின்னக் கதவு வழியா வெளிய வா, அடுத்த கார்டைக் காட்டு. உனக்கும் நல்லதுதானே, உடம்பு குறையும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அந்த மனிதர் மாடிப்படி ஏறினாலே நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவர்.

கேட்டக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"சார், எம் பொண்ணு ஸ்கூலுக்கு பாஸ் எப்ப சார் வரும்? கேட்டா இன்னும் வரலைங்கறாங்களாம்."

"அது அடுத்த லிஸ்ட்ல இருக்கு. நீ இதை ஒழுங்காப் பண்ணு. நானே சொல்லிச் சேத்துவிடறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் நடந்தாள். தினமும் இருநூறு தடவை. அட்டையைக் காட்டு, இடுப்பால் தள்ளு, நாலு எட்டு, சின்னக் கதவு, வெளியே வா, அடுத்த அட்டை. அட்டையில் பெயர் கிடையாது, வெறும் எண்தான். முதல் மாதம் கால் வீங்கியது. இரண்டாவது மாதம் மூட்டுவலி போயே போய்விட்டது. சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரம்மா காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடேயப்பா! சுகர் இவ்வளவு எறங்கியிருக்கே. என்னம்மா பண்றீங்க?"

"நடக்கிறேன் டாக்டர்."

"விடாதீங்க!"

அவள் எங்கே விடுவது, மேனேஜர் விட்டால்தானே. வீட்டில் கணவன், "என்னடி, காத்தடிச்சா பறந்துடுவபோல இருக்கே" என்று கேலி செய்தான். அவள் சிரிக்கவில்லை. பிள்ளைகள் உடம்பு தேறட்டும் என்று போட்ட திட்டத்தில் தேறியது தன் உடம்பு என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? கண்ணாடியில் இளைத்த இடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் திருடிய துணியைக் கட்டிக்கொண்டிருப்பதுபோல் கூசியது.

நடுவில் ஒரு நாள் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். மேனேஜர் எங்கிருந்தோ பதினைந்து பிள்ளைகளை வேனில் ஏற்றிவந்து, தலையில் நீச்சல் தொப்பியை மாட்டிக் குளத்தின் விளிம்பில் வரிசையாக உட்காரவைத்தார். புகைப்படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள். தண்ணீரில் காலை நனைக்கப் போன ஒரு சின்னப் பெண்ணை, "ஏய், ஈரமாக்காதே, வேன் சீட்டு நாசமாயிடும்" என்று அதட்டி எழுப்பினார்கள். வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சொட்டுத் தண்ணீர் படாமல் திரும்பிப் போனார்கள். தூ! அன்றைக்குக் கேட்டக்காவுக்குக் கொண்டுவந்த சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அன்றைக்கும் பன்னிரண்டு மணிக்குள் இருநூறை முடித்துத்தான் இருந்தாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவள் ஊரார் பிள்ளையின் பங்கைக் கேட்டில் சுற்றிவிட்டு, தன் பிள்ளைக்குப் பாஸ் வரும் என்று காத்திருந்தாள்.

வருடக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அட்டை கிடைத்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். மேனேஜர் ஆயிரம் அட்டையையும் அவசர அவசரமாகப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த வாரமே பள்ளிகளுக்கு விடுமுறை என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

அன்று சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிவந்தாள். "அம்மா, பாஸ் வந்துடுச்சு! லீவுதானே, திங்கக்கிழமை பத்து மணிக்கு நாங்க எல்லாரும் வரோம்!"

கேட்டக்கா அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் ரப்பர் பேண்டு அழுத்திய தடம். அடுத்த லிஸ்ட் என்று ஒன்று இருந்ததே இல்லை. மகளின் பங்கையும் சேர்த்துத்தான் இத்தனை நாள் நடந்து தீர்த்திருக்கிறாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகள் நடைபாதைக் கடையில் வாங்கிய நீல நிற நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டுக்குள் திரிந்ததைப் பார்த்துக்கொண்டே, மெஷின் ஒருவேளை தப்பு விட்டிருக்கும், ஒன்றிரண்டு முறையாவது மிச்சமிருக்கும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நாற்பது பிள்ளைகள் வந்து நின்றார்கள். முதலில் நின்றது அவள் மகள்தான், கக்கத்தில் துண்டோடு. அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து ஓடியது: முப்பது முறை முடிந்தது.

அடுத்த பிள்ளை காட்டினான், சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு.

"அம்மா, நான் ஒரு தடவைகூட வரலையேம்மா. மெஷின் பொய் சொல்லுது."

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். பிள்ளைக் கூட்டத்தைப் பார்த்ததும் முகம் வெளிறியது, ஆனால் நாக்கு மட்டும் பிசகவில்லை. "மெஷின் எங்கயாவது பொய் சொல்லுமா பாப்பா? வேற யாராவது உன் கார்டுல வந்து போயிருப்பாங்க. கேட்டக்கா, எல்லாரையும் திருப்பி அனுப்பு."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "யாரும்மா வந்தது?"

அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாள் கேட்டக்கா. கருமம், தன் முகமும் இப்போது இதே மாதிரிதானே இருக்கும் என்று தோன்றியதும் உடம்பே அருவருத்தது.

"நான்தான்டி. நான்தான் போனேன். உன்னோடது, இவங்களோடது, எல்லார் கார்டுலயும் நான்தான் போனேன். சார்தான் குடுத்தாரு."

மகள் கோபித்துக்கொண்டு அழுதிருந்தால்கூடக் கேட்டக்கா தாங்கியிருப்பாள். அவளோ கண்ணை விரித்துக்கொண்டு, "முப்பது தடவையா? தண்ணி எப்படிம்மா இருந்துச்சு? ஜில்லுன்னு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

கேட்டக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். தினமும் இருநூறு தடவை தான் வெளியே வந்த சின்னக் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் ஒரு கணம் தயங்கிவிட்டு, ஓவென்று உள்ளே ஓடினார்கள்.

"ஏய்! ஏய்! அந்த வழியாப் போனா எண்ணிக்கையில ஏறாது!" என்று கத்தினார் மேனேஜர்.

"ஏற வேணாம் சார். இவங்கல்லாம் வந்துட்டுப் போனதா நீங்க முன்னாடியே எழுதிக் குடுத்தாச்சே."

"உன் வேலை போயிடும்!"

"போகட்டும். இதுக்குப் பேரு வேலையா?"

மகள் மட்டும் போகாமல் கதவோரம் நின்றாள். "சொல்லும்மா. தண்ணி எப்படி இருக்கும்?"

"எனக்குத் தெரியாதுடி" என்றாள் கேட்டக்கா. "நான் ஒரு நாளும் தண்ணி வரைக்கும் போகலை. இந்தக் கேட்டோட திரும்பிட்டேன்."