எந்த சுவிட்ச் என்று கேட்டார்கள்

ஸ்ரீ கெம்பாங்கானில் ரேடியோ கருவிகளைச் சோதித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அந்த வார வெள்ளிக்கிழமையோடு என் புரொபேஷன் முடிகிறது. திங்கட்கிழமை மேனேஜர் அக்கா கூப்பிட்டார்.

"சோதனை மேசைக்கு மைக்ரோவேவ் சுவிட்ச் வாங்கணும். ரெண்டு டிசைன் இருக்கு. ஒப்பிட்டுப் பாத்து எதுன்னு வெள்ளிக்கிழமை சொல்லு. அதப் பாத்துட்டுத்தான் உன்ன கன்ஃபர்ம் பண்றதப் பத்திப் பேசுவேன்."

ரேடியோ சிக்னலை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திருப்பிவிடுவதுதான் அந்த சுவிட்சின் வேலை. முதல் டிசைனில் உள்ளே ஓர் உலோகத் தகடு நகரும்; டக் என்று சத்தம் கேட்கும். சிக்னல் அதில் அவ்வளவாகக் குறையாது, மூடிய பக்கம் கசியாது. ஆனால் மெதுவானது, நாளாக ஆகத் தேய்ந்துவிடும். இரண்டாவதில் எதுவும் நகராது, எல்லாம் சிலிக்கான் சில்லு. கண்மூடித் திறப்பதற்குள் மாறிவிடும், தேயாது. ஆனால் அதன் வழியாகப் போகும் சிக்னல் கொஞ்சம் இளைத்துத்தான் வெளியே வரும். மூடிய பக்கமும் லேசாகக் கசியும்.

செவ்வாய் முழுக்க முதலாவதுதான் சரி என்று இருந்தேன். புதன் காலை இரண்டாவது. மத்தியானம் மறுபடியும் முதலாவது. நான் படித்து வந்ததெல்லாம் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்து அதன் கட்டத்தைக் கறுப்பாக்குகிற படிப்பு. வீட்டில் எனக்கு முன்னால் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை, கேட்டுப் பார்க்கவும் ஆளில்லை. இங்கே எந்தக் கட்டம்?

வியாழன் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் கிள்ளான் ரயிலைத் தவறவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளாஸ் தே தாரிக் டீ குடித்தபடி தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"எது ஜெயிக்குது?" என்றாள்.

"தெரியல."

"நாலு நாளா ரெண்டு சுவிட்சப் பாத்துட்டு தெரியலயா? நீதான் வீட்டுல படிச்சவன்னு அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காங்க லா."

வெள்ளிக்கிழமை அக்கா முன்னால் உட்கார்ந்து, ரெண்டையும் ஒப்பிட்டுப் போட்டிருந்த அட்டவணையை நீட்டினேன்.

"எது?"

"ரெண்டும், அக்கா. ரொம்பச் சன்னமான சிக்னல அளக்கற இடத்துல சத்தம் போடறது. அங்க அடிக்கடி மாத்த மாட்டோம். நாள் பூரா மாத்திக்கிட்டே இருக்கிற இடத்துல மத்தது. அங்க சிக்னல் பலமா இருக்கும், கொஞ்சம் குறைஞ்சாலும் பரவால்ல."

"நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"ஒண்ண மட்டும் எடுத்தா எங்கயாவது ஒரு பக்கம் உதைக்குது, அக்கா."

அவர் என் அட்டவணையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரி, திங்கட்கிழமை ரெண்டுக்கும் நீயே விலை கொட்டேஷன் கேளு," என்று சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கன்ஃபர்மா?"

"அத அவங்க சொல்லல. திங்கட்கிழமைக்கு வேலை கொடுத்திருக்காங்க."

"இன்னைக்கோட புரொபேஷன் முடியுதுன்ன. அப்ப திங்கட்கிழமை எதுக்கு வேலை?"

"அதான் எனக்கும் புரியல."

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ம்மா, அண்ணன் கன்ஃபர்ம் ஆயிட்டான். அவனுக்குத்தான் இன்னும் தெரியல," என்றாள்.

திங்கட்கிழமைக்குச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, கன்ஃபர்ம்தானா என்று அக்காவிடம் எப்படிக் கேட்பது என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.