நாலில் ஒரு பங்கு கிணறு

பனி உருகத் தொடங்கியதும் ஒஸ்லோவில் எங்கள் அடுக்குமாடியின் வாசற்கதவில் ஒரு தாள் ஒட்டப்படும். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டுக்நாட், எல்லோரும் கீழே வரவும் என்று அதில் எழுதியிருக்கும். டுக்நாட் என்றால், கட்டிடத்தில் குடியிருக்கும் அத்தனை பேரும் ஒன்றுகூடிக் குளிர்காலக் குப்பையை வாரி, படிக்கட்டைக் கழுவி, வேலிக்குப் பெயின்ற் அடிப்பது. கூலி கிடையாது. முடிவில் ஒரு சொசேஜும் கோப்பியும் தருவார்கள். நாங்கள் இந்த வீட்டை வாங்கிய முதல் வருடம் எனக்கு இந்தச் சங்கதி விளங்கவில்லை. கீழ்த்தட்டில் இருக்கும் ஒட்வார் பெயர்ப்பட்டியலுடன் வந்து கதவைத் தட்டினார். அப்போதே தலை நரைத்த மனிதர். சொந்த வீடு வாங்கிய பிறகும் குப்பை வாருவதா என்ற எண்ணத்தில், எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில், "வராமல் விடுவதற்கு எவ்வளவு கட்டவேண்டும்?" என்று கேட்டேன். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "உனக்குச் சுகமில்லையா?" என்றார். நல்ல சுகம் என்றேன். "அப்படியென்றால் பத்து மணிக்கு," என்று சொல்லிச் சருகு வாரும் தடியை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். நோயாளியைத் தவிர வேறு எவரும் வராமல் இருக்கலாம் என்பது அந்த மனிதருக்கு எட்டவேயில்லை.

இப்போது அந்தப் பட்டியலில் முதல் ஆளாகக் கையெழுத்து வைப்பவள் நான். என் கணவர் முதல்நாளே வடைக்கு உழுந்து ஊறப்போடுவார். வெள்ளைக்காரர் முன்னால் எங்கள் மரியாதை கெட்டுவிடக்கூடாது என்று இருவரும் முறிந்து முறிந்து வேலை செய்வோம். பக்கத்து வீட்டாரின் பல்கனிக்குக் கீழே கிடக்கும் சிகரெட் கட்டைகளைக்கூட நான் பொறுக்கியிருக்கிறேன். இதைச் சொல்வது பெருமைக்கு அல்ல. இவ்வளவு நல்ல அயலவர்களான நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் அரியாலையில் வீடு வாங்கி என்ன செய்தோம் என்று சொல்லப்போகிறேன். ஊரில் வீடு வாங்க நினைத்திருப்பவர்களுக்குப் புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி உண்டு. செய்யக்கூடாதது அத்தனையையும் செய்து முடித்தவளுக்கு இருக்கும் தகுதி அது.

ஒஸ்லோவில் வீடு பார்க்கப் போவதற்கு விஸ்னிங் என்று பெயர். சப்பாத்துக்கு மேலே நீலப் பிளாஸ்ரிக் உறை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒவ்வோர் அறையாகப் பார்க்கவேண்டும். வீட்டைப் பரிசோதித்தவரின் அறிக்கை ஒன்றைக் கையில் தருவார்கள். குளியலறையில் எந்த ஓட்டுக்குக் கீழே ஈரம், எந்த யன்னல் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுபது பக்கம். நானும் அவரும் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று இரவு விழித்திருந்து அதை வாசித்தோம். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. அரியாலைக் காணியின் உறுதிப்பத்திரமோ நாலே பக்கம். எழுதியிருந்தது தாய்மொழியில். அதை நாங்கள் வாசிக்கவில்லை. தரகர் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி காணியைச் சுற்றி நடந்தார், நாங்கள் ஒஸ்லோவில் சோபாவில் இருந்து பார்த்தோம். "தண்ணி பாருங்கோ அண்ணை, கையாலை மொள்ளலாம்," என்று கிணற்றுக்குள் தொலைபேசியை நீட்டினார். அது மார்கழி மாதம். மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எந்தப் பள்ளத்திலும் கையால் மொள்ளலாம். முப்பது வருடம் பனிக்குள் இருந்ததில் அந்தச் சின்ன விஷயம் எங்களுக்கு மறந்துபோயிற்று.

ஆகவே முதற்புத்திமதி: காணி பார்க்க ஆடி ஆவணியில் போங்கள். போய் முதலில் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். மாடி எங்கே வைக்கலாம், காரை எங்கே விடலாம் என்று பிறகு யோசிக்கலாம். நாங்கள் யோசித்தது முழுக்க மாடியைப் பற்றித்தான். ஒஸ்லோவில் நடக்கும் கலியாண வீடுகளில் எங்கள் சனம் ஊர் வீட்டுப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு திரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பனி சறுக்கி விழுவதற்கு ஏற்ற செங்குத்தான கூரை போட்டிருக்கிறார், அதுவும் நாவற்குழி வெயிலுக்கு. இன்னொருவர் குளிர் காய்வதற்கு அடுப்பு வைத்த விறாந்தை கட்டியிருக்கிறார். அவர் வீட்டில் காய்வதற்குக் குளிரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். எங்களுக்கு இவர்களை விட ஒரு படி மேலே போக ஆசை. புல்தரை போட்டோம். ஒஸ்லோவில் பூங்காவில் பார்க்கிற மாதிரி, வெறுங்காலோடு நடக்கிற பச்சைப் புல்.

வீடு முடிந்த வருடம் மார்கழியில் நத்தார் விடுமுறைக்குப் போய் இறங்கினோம். மறுநாள் விடிய மாடி பல்கனியில் நின்று பார்த்தால், எங்கள் வளவின் ஓரத்தால் பெண்கள் வாளியும் குடமுமாக வந்து எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறார்கள். மூன்று வீட்டார். அதில் ஒருவர் திரேசா அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், குருநகரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், கணவர் ஊரை ஒட்டிய உப்புக் களப்பில் இறால் பிடிப்பவர். என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நானும் அசைத்தேன். உள்ளே என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆர் ஆர் எல்லாம் அள்ளுற கிணத்திலையே நாங்கள் குளிக்கிறது?" என்றார். அந்த 'ஆர் ஆர்' என்பதில் என்ன இருக்கிறது என்று நோர்வேயில் பிறந்த என் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவேண்டும். உங்களுக்கு வேண்டியதில்லை. டுக்நாட்டுக்கு வடை சுட்டுக் கொடுக்கும் அதே மனிதர்தான் அதைச் சொன்னார். பழியை அவர் தலையில் மட்டும் போட எனக்கு வழியில்லை, ஏனென்றால் இரண்டு கிழமைக்குள் ஆறடி மதில் எழும்பியபோது, கேற்றுக்குப் பூட்டுத் தெரிவு செய்தவள் நான். பித்தளைப் பூட்டு. கறள் பிடிக்காதது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. அதை நாங்கள் எங்கள் வெற்றி என்று எடுத்துக்கொண்டோம். பெரிய மோட்டர் ஒன்று பூட்டி, மாடிக்கு மேலே இரண்டு தண்ணீர்த் தாங்கி வைத்து, புல்லுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டு ஒஸ்லோவுக்குத் திரும்பினோம். அவர் நேர்மையான மனிதர். சொன்னபடி ஒருநாள் தவறாமல் விட்டார். ஒவ்வொரு ஞாயிறும் புல்லின் படம் வரும். அதை நான் வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

ஆடியில் போனபோது புல் பழுத்துக் கிடந்தது. குளியலறைக் குழாய்களில் வெள்ளை வெள்ளையாகப் படை. இரும்புக் கிராதியில் கறள், பூட்டிக் கிடந்த அறைகளில் புழுங்கல் நாற்றம், கதவு நிலையில் கறையான். பராமரிப்பு என்று நாங்கள் நினைத்தது தொலைபேசியில் வரும் படத்தை. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஊர் வீட்டுக்கு வேண்டியது தினமும் யன்னல் திறக்க ஒரு கை, அதைப் படம் எடுக்கும் கை அல்ல. ஆனால் இவை எல்லாம் சின்ன விஷயம். பயணக் களைப்புக்குத் தேநீர் ஊற்றினேன். பால் திரைந்தது. பாலில் பிழை என்று கொட்டிவிட்டு வெறுந்தேநீர் ஊற்றினேன். ஒரு மிடறு குடித்ததும் துப்பினேன். உப்பு.

என் கணவர் உடனே கொழும்பிலிருந்து வடிகட்டும் இயந்திரம் எடுப்பிப்பது பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எனக்குத் தொண்டை வறண்டது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒரு செம்பை எடுத்து, நானே பூட்டைத் திறந்து, திரேசா அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளே?"

"தாறன். உள்ளுக்கை வாங்கோ." மூடிவைத்த அலுமினியப் பானையிலிருந்து அளந்து ஊற்றினார். "இது பவுசர் லொறியிலை வந்த தண்ணி, தங்கச்சி. இனி நாளண்டைக்குத்தான் பவுசர் வரும். அதாலை ஒரு செம்புதான்."

"எங்கடை கிணறு ஆடியிலை எப்பவும் உப்பே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் வாழ வந்த நாள் தொட்டு உந்தக் கிணத்துத் தண்ணியிலைதான் தேத்தண்ணி வைச்சனான். கையாலை அள்ளுமட்டும் அது நல்ல தண்ணி. மோட்டர் போட்டு உறிஞ்சினால் களப்பு உள்ளுக்கு வரும். உது இஞ்சை எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? கேற் பூட்டிக் கிடந்தது."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் திருப்பிக் கோபிக்க வசதியாக இருந்திருக்கும். அலுமாரியிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய தன் உறுதியை எடுத்து வந்து, ஒரு வரியில் விரலை வைத்தார். கிணற்றில் நாலில் ஒரு பங்கும், அதற்குச் செல்லும் வழி வாய்க்காலும். "உங்கடை உறுதியிலையும் உதுதான் இருக்கும், பாருங்கோ," என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். நாலாம் பக்கம், கடைசிப் பந்தி. நாலில் ஒரு பங்கு. நாங்கள் வாங்கியது கால் கிணறு. பூட்டியது முழுக் கிணறு. கெடுத்ததும் முழுக் கிணறு. நாலு வீட்டுக் குடிதண்ணீரைக் குடித்துவிட்டுச் செத்துக் கிடந்தது எங்கள் புல்.

அன்று மத்தியானம் என் கணவரிடம் மதிலை வெட்டி வழி விடவேண்டும் என்றேன். "கட்டி ஒரு வருஷமும் ஆகேல்லை. உடைச்சால் சனம் சிரிக்கும்," என்றார். "இப்ப என்ன, அழுகினமே?" என்று கேட்டேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அதற்குள் மேசனைக் கூப்பிட்டு, ஒரு ஆள் குடத்தோடு போகும் அகலத்துக்கு மதிலை நானே வெட்டுவித்துவிட்டேன். பிறகு நாலு வீட்டாரும் சேர்ந்து கிணறு இறைத்தோம். தண்ணீரை அடியோடு வெளியேற்றியது எங்கள் மோட்டர். அது செய்த ஒரே நல்ல காரியம். திரேசா அக்காவின் கணவர் கீழே இறங்கிச் சேற்றை வாளியில் நிரப்ப, நாங்கள் மேலே இழுத்தோம். கை கொப்புளித்தது. மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் வெகுநேரம் கழித்துத் தேநீர்க் கேத்திலுடன் இறங்கி வந்தார், கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில் போட்ட தேநீர். எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள்.

அதன் பிறகு மோட்டர் கழற்றப்பட்டது. வாளியும் கயிறும்தான். ஒரு வீட்டார் அள்ளினால் கிணற்றை ஊற விட்டுத்தான் அடுத்த வீட்டார் அள்ளலாம் என்று திரேசா அக்கா முறை வைத்தார். காலையில் மற்ற மூன்று வீடு. மத்தியானம் ஒன்றரைக்கு எங்கள் வீடு. தண்ணீர் திரும்ப இனிக்குமா என்று கேட்டேன். "மாரி பெய்யட்டும், பாப்பம்," என்றார். அவர்களுக்கு அது குடிக்கிற தண்ணீர். எங்களுக்கோ, ஓய்வு பெற்றதும் போய் இருப்போம் என்று முப்பது வருடமாக எல்லோருக்கும் சொல்லி வந்த இடம். தண்ணீர் மாறாவிட்டால் அந்த மாடி வெறும் சீமெந்துப் பெட்டி.

இந்த வருட டுக்நாட் போன சனிக்கிழமை நடந்தது. ஒட்வாருக்கு இப்போது குனிந்து வார முடியாது. வாசலில் கதிரை போட்டு, பட்டியலை மடியில் வைத்து, வந்தவர்களின் பெயருக்கு நேரே சரி போட்டுக்கொண்டிருந்தார். சரியாகப் பத்து மணி. சருகு வாரும் தடியைக் கையில் எடுக்கிறேன், தொலைபேசி அடிக்கிறது. அரியாலையில் அப்போது ஒன்றரை.

"தங்கச்சி, தண்ணி மாறியிருக்கு. முந்தின மாதிரி இல்லை, எண்டாலும் தேத்தண்ணி குடிக்கலாம்," என்றார் திரேசா அக்கா. எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. "ஆனால் உங்கடை முறையிலை ஆரும் அள்ளுறேல்லை. வளவிலை நிக்கிற தேசிமரம் வாடுது. நான் அள்ளி ஊத்தட்டே?"

"ஊத்துறது என்னத்துக்கு, அக்கா? உங்கடை வீட்டுக்குக் கொண்டு போங்கோவன்."

"சீச்சீ, அது உங்கடை பங்கெல்லே," என்றார். கப்பி கிரீச்சிடும் சத்தமும், வாளி தண்ணீரில் விழும் சத்தமும் கேட்டன. என் வளவில், என் முறையில், நான் பூட்டி வெளியே விட்ட பெண் எனக்காகத் தண்ணீர் அள்ளுகிறார். நான் ஐயாயிரம் மைலுக்கு இப்பால் நின்று வெள்ளைக்காரருக்குச் சருகு வாருகிறேன். வெட்கம் என்றால் இதுதான்.

என் முகத்தைப் பார்த்த ஒட்வார், "யார் அது?" என்று கேட்டார்.

"அயல் வீட்டுக்காரி," என்றேன். "என்னுடைய டுக்நாட்டைச் செய்துகொண்டிருக்கிறாள்."

"நல்லது, நல்லது. எந்தத் தட்டில் குடியிருக்கிறாள்?" என்று கேட்டபடி, அவள் பெயருக்கும் ஒரு சரி போடுவதற்காக அவர் பட்டியலை மேலிருந்து கீழாகத் தேடத் தொடங்கினார்.