ஐயா பூட்டிய கார்

1. சத்தம் போடாத வாகனம்

முதலாளி அந்த மின்சாரக் காரை என் கையில் தந்த முதல் நாள், ஸ்டார்ட் பொத்தானை ஏழு தரம் அமத்தினேன். ஒவ்வொரு தரமும் அது ஓடத் தொடங்கி, அடுத்த அமத்தலில் நின்றிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் டீசல் வான் ஓட்டியவன் நான். என்ஜின் இரும வேண்டும், சீற் நடுங்க வேண்டும். அப்போதுதான் வாகனம் உயிரோடு இருக்கிறது என்று என் உடம்பு நம்பும்.

"எட, அது ஓடிக்கொண்டுதான் நிக்குது. 'ரெடி' எண்டு பச்சையா எரியுதெல்லே?" என்றார் முதலாளி.

"எரியுது அண்ணை. ஆனா ஒண்டும் கதைக்குதில்லை."

"எல்லாரும் உன்னைப்போல கதைச்சுக்கொண்டே இருக்கோணுமோ?"

அந்தக் காருக்கு நிரந்தரப் பயணி ஒருவர் இருந்தார். பருத்தித்துறையில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். ஐயா என்றுதான் கூப்பிடுவேன். பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. கிழமையில் இரண்டு நாள் அவரை யாழ்ப்பாணத்துக்குச் சிகிச்சைக்கு ஏற்றிப் போவேன். முன் சீற்றில், எனக்கு இடப்பக்கம் இருப்பார். வழி முழுக்க நான் கதைப்பேன், அவர் கேட்பார். என் பகிடிக்கு ஒருநாளும் சிரிக்காத மனிதர். அதற்காக நானும் விடவில்லை.

இரண்டு சீற்றுக்கும் நடுவில் கதவுகளைப் பூட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அதை இடக்கை விரலால் அமத்திக்கொண்டு வருவது அவருக்குப் பொழுதுபோக்கு. டக், பூட்டு. டக், திற. "விரலுக்கு நல்ல பயிற்சி ஐயா" என்பேன். அந்தக் காரில் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான், என் வாயைத் தவிர.

2. இணுவிலில் பட்டப்பகல்

கனடாவிலிருந்து அவருடைய மகன் வந்தார். வந்த இரண்டாம் கிழமை, காலையில் என்னைக் கூப்பிட்டார். ஐயாவை முன் சீற்றில் ஏற்றினோம். பின்னால் ஒரு சூட்கேஸ் ஏறியது. காருக்கு வெளியே நின்றுகொண்டு, திறந்திருந்த கண்ணாடிக்கு மேலாலே மகன் சொன்னார்:

"அண்ணை, முதல் இணுவில் கோயில். ஒரு அர்ச்சனை. பிறகு திரும்பிப் புத்தூர். அங்கை முதியோர் இல்லம் ஒண்டு பாத்து வச்சிருக்கிறன். வீட்டையும் குடுக்கப்போறம். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ."

"கேட்டிருப்பாரே தம்பி, பக்கத்திலைதானே இருக்கிறார்."

"அவருக்கு ஒண்டும் விளங்காது."

நான் "ஓம் தம்பி" என்றேன். இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

கோயிலடியில் நல்ல வெயில். ஐயாவுக்கு ஏசி வேண்டும் என்பதால் காரை ஓட விட்டபடியே இறங்கினேன். உள்ளே போக மேற்சட்டை கழற்ற வேண்டும். கழற்றி என் சீற்றில் போட்டேன். சட்டைப்பையில் கார்ச் சாவியும் போனும். கதவைச் சாத்திவிட்டு, மகனுக்குப் பின்னால் அர்ச்சனைத் தட்டோடு போனேன்.

திரும்பி வந்து கதவைப் பிடித்து இழுத்தால், பூட்டு.

என் கைதான் செய்தது என்று நினைத்தேன். பழைய வானில் பூட்டை அமத்தியபடி கதவைச் சாத்துவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. சாவி உள்ளே இருந்தால் கார் பூட்டாது என்பார்கள். ஆனால் அந்தச் சாவிக்குள் இருந்த பட்டரி ஒரு மாதமாகச் சாகக் கிடந்தது. சாவி உள்ளே கிடப்பது காருக்குத் தெரிந்திருக்காது. முதலாளியிடம் சொன்னபோது, "ஸ்டார்ட் பொத்தானுக்குக் கிட்டப் பிடி, வேலை செய்யும்" என்று முடித்துவிட்டார்.

மேற்சட்டை இல்லாமல், தொந்தியோடு, காரைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன். கோயில் உள்வீதி சுற்றியதை விட இது பக்தியாக இருந்தது. கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் சார்ஜ் பத்தொன்பது வீதம். ஏசி அதைக் குடித்து முடிக்கும், பிறகு ஐயா வெந்துபோவார் என்று கணக்குப் போட்டேன். (ஏசி மட்டும் என்றால் பின்னேரம் வரை தாங்குமாம். பிறகுதான் சொன்னார்கள்.)

தேங்காய் விற்ற அக்காவின் போனை வாங்கி முதலாளிக்கு எடுத்தேன்.

"மற்றச் சாவி என்ரை மச்சானிட்டை. கொழும்பிலை."

"அண்ணை, உள்ளுக்கை ஆள் இருக்குது!"

"கண்ணாடியை உடைச்சியோ, உன்ரை மண்டையை உடைப்பன்."

மகன் கத்தினார்: "உடையுங்கோ! அப்பாக்கு ஏதும் நடந்தா உங்களைச் சும்மா விடமாட்டன்!"

அக்காவின் கடையிலிருந்து தேங்காயை எடுத்து, பின்கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். தேங்காய் உடைந்தது. கண்ணாடி அப்படியே நின்றது. தேங்காய்த் தண்ணீர் என் முகத்தில் வழிந்தது.

"தம்பி, இப்ப புண்ணியம் உனக்கோ, காருக்கோ?" என்றார் அக்கா. நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

இரண்டாவது தேங்காயைத் தூக்கியபோதுதான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வேர்க்கவில்லை, பயமும் இல்லை. என்னைப் பார்த்தபடி, இடக்கை விரலைப் பொத்தானுக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

என் கை பூட்டவில்லை. அவர் பூட்டியிருக்கிறார்.

இடப்பக்கக் கண்ணாடியில் தட்டினேன். "ஐயா, திறவுங்கோ."

விரலைத் தூக்கி மகனைக் காட்டினார். தலையை இல்லை என்று ஆட்டினார். பிறகு பின்னால் சூட்கேஸ் இருந்த பக்கம் காட்டினார். மறுபடியும் இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. மகன் நிலத்தைப் பார்த்தார். பிறகு என் காதுக்குள் சொன்னார்: "அண்ணை, நீங்கள் சொன்னாக் கேப்பார். வீட்டை போறம் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். "ஐயா, வீட்டைதான் போறம். நான்தானே ஓட்டுறன். என்னை நம்புங்கோ."

கனநேரம் என்னைப் பார்த்தார்.

டக்.

3. புத்தூர்ச் சந்தி

மகன் பின்னால் ஏறினார். "புத்தூர்" என்று பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எனக்கு மட்டும் வாயசைத்தார். நான் ஓட்டினேன். ஹயர் ஹயர்தானே, காசு தருகிறவர் சொல்கிற இடத்துக்குத்தானே ஓட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேங்காய்த் தண்ணீர் காய்ந்து முகம் பிசுபிசுத்தது.

இதில் ஒரு கொடுமை உண்டு. பருத்தித்துறை வீட்டுக்குப் போகும் வழியில்தான் புத்தூர். அதனால் ஐயா அதுவரை நம்பிக்கொண்டே வந்தார். கோப்பாய் தாண்டும்வரை நான் ஒரு பகிடி கூட விடவில்லை. அதிசயமாக, அவர் என்னைத் திரும்பிப் பார்த்து இடப்பக்க உதட்டால் கொஞ்சம் சிரித்தார். தேங்காயை நினைத்திருப்பார்.

புத்தூரில் சிக்னல் போட்டேன். அது டிக், டிக் என்றது. ஐயா ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரல் மெல்லப் போய்ப் பொத்தானை அமத்தியது. டக்.

இல்லத்து வாசலில் வெள்ளை உடுப்போடு இரண்டு பேர் சக்கர நாற்காலியுடன் காத்து நின்றார்கள். பூட்டிய காருக்குள் மூன்று பேர் இருந்தோம். உள்ளேயிருந்து சாரதிக் கதவை இழுத்தால் எல்லாப் பூட்டும் திறந்துவிடும். அது ஐயாவுக்கும் தெரியும்.

நான் இழுத்தேன்.

அதன் பிறகு முதலாளி சாவிக்குப் புதுப் பட்டரி போட்டார். தேங்காய்க் கதை கராஜ் முழுக்கப் பரவியது. நானே நடித்துக் காட்டுவேன், எல்லாரும் சிரிப்பார்கள். புத்தூர் வரும் முன்பு கதையை நிறுத்திவிடுவேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேளுங்கள். சட்டையைக் கழற்றினாலும் சாவியைக் கழற்றாதீர்கள். ஓடுகிறதா என்று காதால் தீர்மானிக்காதீர்கள், பச்சை விளக்கைப் பாருங்கள். இன்னொன்றையும் பிந்தித்தான் பழகினேன். இப்போது என் பக்கத்துச் சீற்றில் யார் ஏறினாலும், எங்கே போக வேண்டும் என்று அவரிடமே கேட்கிறேன். பதில் வரும்வரை வாகனத்தை எடுப்பதில்லை.