மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு பி.எஃப்.

1. கணக்கை மூடச் சொன்னவர்

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி வேகிற நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் முருகேசன் அண்ணன் நனைந்துபோய் நிற்கிறார். நடுவட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு தனியார் தேயிலை எஸ்டேட்டின் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையர் பார்ப்பவர். முதல் பஸ்ஸைப் பிடித்து ஊட்டிக்கு வந்திருக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, பாப்பா கணக்கை மூடோணுமுங்க. போட்டது வந்தாப் போதும். வட்டியைக் கவர்மென்ட்டே வெச்சுக்கட்டும்."

நான் அப்போது சிறுசேமிப்பு முகவர். தபால் ஆபீஸ் சேமிப்புத் திட்டங்களுக்கு ஆள் சேர்த்து, பணம் வாங்கிக் கட்டிக்கொடுப்பது வேலை. கமிஷன் உண்டு, அதை மறைப்பானேன். அவருடைய மகள் நந்தினிக்கு மூன்று வயதிருக்கும்போது அவள் பேரில் பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.பி.எஃப்., கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தவள் நான்தான். ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் தேயிலை விலை விழுந்துவிட்டது. தூளை ஏலத்தில் கேட்க ஆளில்லை. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தது, சம்பளம் தவணையில் வந்தது. பக்கத்து லயன்களில், அதாவது எஸ்டேட் குடியிருப்பு வரிசைகளில், பலர் பனியன் கம்பெனி வேலை தேடித் திருப்பூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"மூட முடியாதுங்கண்ணா. பதினஞ்சு வருஷம் ஆகோணும். ஆரம்பிக்கும்போதே சொன்னனே."

"சொன்னீங்க. அப்ப இலைக்கு வெலை இருந்துச்சு, காதுல ஏறலை. இப்ப ஏறுது. குடுங்க."

"சட்டம் அப்படிங்கண்ணா. நான் என்ன பண்ணட்டும்?"

"சட்டம் கஞ்சி ஊத்துமுங்களா? எங்க காசு எங்களுக்கே ஆகாதுன்னா அது என்னங்க சேமிப்பு?"

இட்லி சாப்பிடச் சொன்னேன். வேண்டாமென்று மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். எத்தனையோ பேரிடம் வாயடித்துக் கணக்கு பிடித்தவள் நான். அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த வாரமே, காசைப் பூட்டிவைத்தவள் என்று லயன் முழுக்க எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள்: பூட்டுக்கார அக்கா.

2. சாவி கொடுக்கிற நாள்

அந்தக் கணக்கு ஆரம்பித்த கதையைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஊட்டியில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்திருந்தார்கள். குழந்தைகள் பேரில் பி.பி.எஃப். பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். "உங்கள் குழந்தை ரிட்டயர் ஆகும் நாளை நினைத்துப் பாருங்கள்" என்று பேச்சைத் தொடங்க வேண்டுமாம். ஊட்டியில் கிளார்க்குகள் வீட்டில் அது நன்றாகவே எடுபட்டது. அவர்களுக்கு ரிட்டயர்மென்ட் என்றால் மாலை, சால்வை, குரூப் போட்டோ. நானும் கோயமுத்தூரில் ஒரு கிளார்க் வீட்டில் பிறந்தவள்தான்.

அதே பேச்சை எடுத்துக்கொண்டு எஸ்டேட் லயனுக்குப் போனேன். முருகேசன் அண்ணன் வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். நந்தினி அம்மா மடியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவளைக் காட்டி, "இந்தப் பாப்பா ரிட்டயர் ஆகற நாளை நெனச்சுப் பாருங்க" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அவள் அம்மா செல்வி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, நல்ல வார்த்தை பேசுங்க. ரிட்டயர்மென்ட்னா எங்களுக்குச் சாவி குடுக்கற நாளுங்க."

பிறகுதான் விளங்கிற்று. லயன் வீடு எஸ்டேட்டுடையது. எஸ்டேட்டின் நிரந்தர ஆட்கள் பட்டியலான செக்ரோலில் பேர் இருக்கிறவரைதான் வீடு. ரிட்டயர் ஆனால் பி.எஃப். கைக்கு வரும், வீட்டுச் சாவி ஆபீசுக்குப் போகும். வீடு நிலைக்க ஒரே வழி, பதினெட்டு முடிந்த பிள்ளை ஒன்று தன் பேரைப் பதிந்து தோட்ட வேலையில் இறங்குவது. அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு பி.எஃப். என்றால், இப்போதே அதன் பேரைத் தோட்டத்துக்கு எழுதுகிற மாதிரிதான் அவர்கள் காதில் விழுந்தது. பிழைக்கத் தெரியாத வாய் என்று என்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் நடுவட்டம் கடைவீதியில் செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். இலை பறிக்க இடுப்பில் கட்டிய படுதாவைக்கூட அவிழ்க்கவில்லை. அவள் டெம்பரவரி ஆள். வருஷக்கணக்கில் இலை பறித்தும் செக்ரோலில் பேர் கிடையாது, பி.எஃப். கிடையாது. வீடு கணவர் பேரில்தான்.

"அக்கா, தோட்டத்துல பேரு இல்லாதவிங்களுக்கும் அந்த பி.எஃப். உண்டுங்களா?"

"யாருக்கு வேணுமானாலும் உண்டு செல்வி. வேலையே இல்லாதவிங்களுக்கும் உண்டு."

"அப்ப பாப்பாவுக்குப் போடுங்க. தோட்டத்துல பேரு குடுக்காம எங்க ஊட்டுல ஒருத்தியாச்சும் பி.எஃப். வாங்கோணும்."

காப்பாளர் இடத்தில் செல்விதான் கையெழுத்துப் போட்டாள். முருகேசன் அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் பின்னால் என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

3. பூட்டு

முருகேசன் அண்ணன் வந்து சத்தம் போட்டதற்கு அடுத்த நாள் செல்வி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று பயந்துகொண்டே காப்பி கொடுத்தேன்.

"அவரு கேட்டதுக்கு நீங்க முடியாதுன்னீங்களாமே?"

"நெசமாவே முடியாது செல்வி."

"யாரு கேட்டாலுமுங்களா? நான் கேட்டாலும்?"

"நீ கேட்டாலும்தான்."

பெருமூச்சு விட்டாள். "அப்பச் சரிங்க்கா. எடுக்க வழி இருந்துச்சுன்னா அவருக்கு முந்தி நானே வந்திருப்பேன். ஊட்டுல அரிசி இல்லாதப்ப மனசு அங்கதானுங்க போகுது."

இத்தனை வருஷ வேலையில் என்னிடம் யாரும் இவ்வளவு பச்சையாகப் பேசியதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போகும்போது கொஞ்சம் அரிசி கட்டிக் கொடுத்தேன், தயங்காமல் வாங்கிக்கொண்டாள். அடுத்த சீசனில் அதற்கு ஈடாக ஒரு பை பீன்ஸ் வந்து சேர்ந்தது.

அந்தக் கணக்குச் சாகாமல் இருக்க வருஷத்துக்கு ஒரு முறை ஒரு சின்னத் தொகையாவது கட்ட வேண்டும். ஊட்டியில் எல்லோரும் மார்ச் கடைசியில் முண்டியடித்துக் கட்டுவார்கள். தோட்டத்தில் அந்த மாதம் சரிப்படாது. பனியில் கருகிய செடி அப்போதுதான் துளிர்க்கும், கையில் காசே இருக்காது. கோடை மழை பெய்து கொழுந்து வரும் மாதங்களில்தான் கூடுதலாகப் பறித்த கிலோவுக்குக் காசு வரும். அதனால் நான் அந்த மாதங்களில் லயனுக்குப் போனேன். விலைச் சரிவு நீடித்த வருஷங்களில் செல்வி அந்தக் குறைந்த தொகையை மட்டும் கட்டினாள். விலை கொஞ்சம் நிமிர்ந்ததும் சேர்த்துக் கட்டினாள். முருகேசன் அண்ணன் என்னைக் கண்டால் "பூட்டு வந்துருச்சு" என்பார். கோபம் குறையக் குறைய அது கேலியாயிற்று. பிறகு அவரே நாற்காலி எடுத்துப் போட்டார்.

4. யார் பேரை எழுதுவது?

பதினெட்டு முடிந்ததும் கணக்கைப் பிள்ளையின் சொந்தப் பேருக்கு மாற்ற வேண்டும். அதற்காக நந்தினி ஊட்டி தபால் ஆபீசுக்கு வந்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க். கோயமுத்தூரில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அக்கா, நான் படிக்கப் போகலீங்க. அப்பா இந்த மாசம் ரிட்டயர்டு. நான் பேரு குடுத்துர்றேன். இல்லாட்டி அம்மா எந்த ஊட்டுல இருக்கும்?"

எதைத் தடுக்க அந்தக் கணக்கை ஆரம்பித்தோமோ, அதுவே கண்முன் வந்து நிற்கிறது. படி என்று சொல்ல நான் யார்? வாடகை நானா கொடுக்கப்போகிறேன்? "அப்பாகிட்டப் பேசு கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அன்று வீடு திரும்பியும் ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்த வாரக் கடைசியில் மறுபடி கதவு தட்டப்பட்டது. முருகேசன் அண்ணன். பின்னால் நந்தினி, கண் சிவந்திருந்தது. எனக்குப் பழைய ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. இந்த முறை அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். காப்பியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கெழுதற ரைட்டர் கேட்டாருங்க அம்மிணி. ‘முருகேசா, யாரு பேரை எழுதட்டும்?’னு. இந்தப் புள்ள என்னைத் தள்ளிட்டு முன்னால போகுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எம் புள்ள பேரு போஸ்டாபீஸ்ல இருக்குதுங்க, அங்கயே இருக்கட்டும், இங்க வேண்டாமுங்கன்னேன். ரைட்டரு என்னைப் பைத்தியக்காரனைப் பாக்கற மாதிரி பாத்தாரு." சிரித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு இந்தம்மா பூட்டைத் தொறந்திருந்தா, அது ஒரு மாசம் அரிசிக்கு ஆகியிருக்கும். நானே தின்னு தீத்திருப்பேன். இப்ப நீ போயிப் படி."

நந்தினி அழுதுகொண்டே தலையாட்டினாள்.

அவருடைய பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்தில் ஊட்டியில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். செல்விக்கு மார்க்கெட்டில் காய்கறி தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. பதினைந்து வருஷம் முடிந்து முதிர்ந்த கணக்கில் பாதியை எடுத்து நந்தினிக்கு ஃபீஸ் கட்டினோம். மீதியை எடுக்காமல் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்தோம். இன்று அவள் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். சம்பளம் வந்ததும் அதில் கட்டிவிட்டுத்தான் மற்ற செலவு.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கணக்கு பிடிக்கப் போனால் முதலில் பூட்டைப் பற்றிச் சொல்லுங்கள், அப்புறம் வட்டியைச் சொல்லுங்கள். அந்த வீட்டில் ரிட்டயர்மென்ட் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

லயன் வீட்டைக் காலி செய்த அன்று நானும் போயிருந்தேன். செல்வி வீட்டைக் கழுவிவிட்டு, அடுப்பைத் துடைத்து, வாசலில் ஒரு கோலமும் போட்டாள். பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவ ரிட்டயர் ஆகற அன்னிக்கு யாரும் வந்து சாவி கேக்க மாட்டாங்க, இல்லீங்க்கா?"